தண்ணீர் வரும் நேரமும் தானியங்கி அறிவிப்பும்

பெங்களூரு மாநகரின் நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளுள் நீலசந்திராவும் ஒன்று. விவேக் நகர், ஆஸ்டின் டவுன், ஆடுகோடி ஆகியவற்றை அடுத்து அமைந்துள்ள இப்பகுதியில் தமிழ், கன்னடம், உருது ஆகிய மூன்று மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கக் கேட்கலாம். இத்தகைய பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்குக் காவிரித் தண்ணீர் நாள் முழுவதும் கிடைப்பதில்லை. குறித்த சில நாட்களில், குறித்த சில மணி நேரம் மட்டுமே குழாயில் நீர் வரும். நிலத்தடித் தொட்டியும் மாடித் தொட்டியும் உள்ள வீட்டார்க்கு அந்த நேரம் முன்கூட்டித் தெரியாவிட்டாலும் பெரிய இழப்பில்லை. குடங்களிலும் டிரம்களிலும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய வீட்டார்க்கோ, நேரம் தெரியாமை என்பது காத்திருத்தலாகும். காத்திருப்பவர் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் இழப்பது ஒரு வேளை வேலையோ, ஒரு நாள் கூலியோ, பள்ளிக்குச் செல்லும் சிறுமியின் காலை நேரமோ ஆக இருக்கலாம்.

காவிரி நீர் பெங்களூரை எட்டுவதே ஒரு பெருஞ்சாதனை எனலாம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று நிலைகளில் இறைத்து, சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு அந்நீர் ஏற்றப்படுகிறது. இதற்கான முதற் கட்டம் 1974-இல் நிறைவுற்றது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டு, நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் கூடுதலாகக் கிடைக்க வழி செய்யப்பட்டது. இத்துணைப் பெரிய பொறியியல் அமைப்பின் கடைசிக் கண்ணி எது என்று பார்த்தால், தெருவோரத்தில் குனிந்து, இரும்புச் சாவியால் வால்வைத் திருகித் திறக்கும் ஒரு தொழிலாளியின் கைதான் அது. தண்ணீர் எந்தத் தெருவிற்கு எப்போது போகிறது என்பதை முதலில் அறிபவர் அவரே. அவர் அறிந்ததை அத்தெருவிலுள்ள ஒவ்வொரு வீடும் அதே கணத்தில் அறியுமாறு செய்ய இயலுமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

இது புதிய வினா அன்று. தமிழ்நாட்டு ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டியும் கன்னட நாட்டில் நீருகண்டியும் எந்த வயலுக்கு எப்போது முறை என்பதை நேரில் சொல்லி வந்தனர். ஊர்ப் பொதுச் செய்தியைத் தண்டோரா போட்டு அறிவித்தனர். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. தண்டோரா, கேட்கும் தொலைவில் உள்ள அனைவருக்கும் ஆனது. யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்ற கணக்கு அதற்குக் கிடையாது. நீர்க்கட்டி சொல்வதோ குறிப்பிட்ட உழவருக்கு, அவருடைய வயலைப் பற்றி மட்டும். இன்றைய அறிவிப்பு மென்பொருள் தளங்கள் செய்வது நீர்க்கட்டியின் வேலையைத் தண்டோராவின் வேகத்தில் செய்வதாகும்.

தளம் இயங்கும் விதம்

சந்தாதாரர் அறிவிப்புத் தளம் என்பது ஒரு பதிவேட்டையும் ஒரு வரிசையையும் அடிப்படையாகக் கொண்டது. யார் யாருக்கு எந்தச் செய்தி வேண்டும் என்பது பதிவேட்டில் இருக்கும். தண்ணீரை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு வால்வும் ஒரு தலைப்பு. அந்த வால்வினால் நீர் பெறும் வீடுகள் அத்தலைப்பின் சந்தாதாரர்கள். வால்வு திறக்கப்படுகிறது என்னும் நிகழ்ச்சி தளத்திற்கு எட்டியதும், கணிப்பொறி அத்தலைப்பின் கீழ் உள்ள எண்களை எடுத்து, முன்பே எழுதி வைக்கப்பட்ட வாசகத்தின் வெற்றிடங்களில் பகுதியின் பெயரையும் நேரத்தையும் நிரப்பி, ஒவ்வொருவருக்கும் ஒரு செய்தியை உருவாக்கி வரிசையில் இடுகிறது. வரிசை ஏன் தேவை என்று கேட்கலாம். பல்லாயிரம் செய்திகள் ஒரே நொடியில் பிறக்கின்றன. அவற்றை ஏற்கும் தொலைபேசி நிறுவனத்தின் வாயிலோ நொடிக்கு இத்தனை என்ற வரம்புடையது. அணையில் நீரைத் தேக்கி மதகு வழியே அளவாக விடுவது போன்றதே இவ்வேற்பாடு.

வாயிலைக் கடந்த செய்தி, தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்தில் தங்குகிறது. பெறுபவரின் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தால் மையம் அதனைச் சேமித்து வைத்துப் பலமுறை முயலும். குறிப்பிட்ட கால எல்லைக்குள் சேர்ப்பிக்க இயலாவிட்டால் கைவிடும். இக்கால எல்லையை நிர்ணயிப்பதில் அறிவிப்பவரின் விவேகம் வெளிப்படும். மின் கட்டணம் செலுத்தக் கடைசி நாளைப் பற்றிய செய்தி ஒரு நாள் கழித்துச் சேர்ந்தாலும் பயனுண்டு. தண்ணீர் வருகிறது என்னும் செய்தி, தண்ணீர் நின்ற பின் வந்து சேருமாயின் எரிச்சலைத் தவிர வேறொன்றையும் தராது. ஆயினும் எல்லாச் செய்திகளுக்கும் ஒரே கால எல்லையை வைத்துவிட்டு மறந்துபோகும் நிறுவனங்கள் பல.

இறுதியாக, செய்தி சேர்ந்ததா இல்லையா என்னும் சான்று தளத்திற்குத் திரும்பி வருகிறது. இச்சான்று கைப்பேசியைச் செய்தி அடைந்ததை மட்டுமே காட்டும். படிக்கப்பட்டதா, புரிந்ததா, பயன்பட்டதா என்பவற்றைக் காட்டாது. ஆண்டறிக்கைகளில் அனுப்பப்பட்ட செய்திகளின் எண்ணிக்கை பெருமையுடன் குறிப்பிடப்படும்போது இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஹூப்ளியிலிருந்து பெங்களூருக்கு

குடிநீர் அறிவிப்பில் நம் நாட்டின் குறிப்பிடத்தக்க முயற்சி கர்நாடகத்திலேயே நடைபெற்றது. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக பெர்க்லி வளாகத்து மாணவர்களின் திட்டமாகத் தோன்றிய நெக்ஸ்ட்டிராப் என்னும் நிறுவனம், பல நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே குழாயில் நீர் வந்துகொண்டிருந்த ஹூப்ளி-தார்வாட் நகரத்தில் தன் பணியைத் தொடங்கியது. வால்வு திறக்கும் தொழிலாளி தம் கைப்பேசியிலிருந்து ஓர் எண்ணை அழைத்து, எந்த வால்வு திறக்கப்படுகிறது என்பதைத் தெரிவிப்பார். தளம் அப்பகுதி வீடுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். பின்னர் இம்முறை, 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பெங்களூரு குடிநீர் வழங்கல், கழிவுநீர் அகற்றல் வாரியத்தின் ஒத்துழைப்புடன் பெங்களூருக்கும் கொண்டுவரப்பட்டது.

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் இவ்வறிவிப்பின் பயனை அளந்தறிய தனு குமார், அலிசன் போஸ்ட், ஈஷா ரே ஆகிய ஆய்வாளர்கள் கள ஆய்வு ஒன்றை மேற்கொண்டனர். முடிவுகள் 2018-இல் வெளியாயின. தகவல் கிடைத்தால் காத்திருத்தல் குறையும், செலவு குறையும் என்பது பொருளியல் பாடநூல் கூறும் எதிர்பார்ப்பு. ஆனால் குடும்பங்களின் நலத்தில் பெரிய மாற்றம் எதுவும் ஆய்வில் தென்படவில்லை. குறைந்த வருவாயுடைய குடும்பங்களில் தண்ணீர் பற்றிய மனக்கவலை ஓரளவு தணிந்தது என்பது ஒன்றே குறிப்பிடத்தக்க பயன். மனக்கவலை தணிதலைச் சிறிய பயன் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. குடத்துடன் நின்றவர்க்கே அதன் மதிப்புத் தெரியும். எனினும் முதலீட்டிற்கும் நம்பிக்கைக்கும் ஈடாக அது அமையவில்லை.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? மென்பொருளில் குறை இல்லை. தகவல் என்பதும் நீரைப் போன்றதே. குழாய் நெடுகிலும் கசிவும் அடைப்பும் உண்டு. முதல் அடைப்பு, செய்தி பிறக்கும் இடத்திலேயே இருந்தது. வால்வு திறப்பவர்கள் எல்லா வேளைகளிலும் தகவல் தெரிவிக்கவில்லை. இதனைச் சோம்பல் என்றோ, பொறுப்பின்மை என்றோ கூறிவிடுவது எளிது. கிறிஸ்டபர் ஹ்யூன், போஸ்ட், ரே ஆகியோர் இத்தொழிலாளர்களைப் பற்றித் தனியே ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட கட்டுரை வேறு விளக்கம் தருகிறது. குடும்பப் பொறுப்புகளும் பணத் தட்டுப்பாடும் மிகுந்திருந்த தொழிலாளர்களுக்கே புதிய கடமையை நிறைவேற்றுவது கடினமாயிற்று என்பது அவர்கள் கண்டது.

இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். வால்வு திறப்பவரின் நாள் விடியலுக்கு முன் தொடங்கும். ஒரு வால்விலிருந்து மற்றொன்றுக்கு வண்டியில் விரைய வேண்டும். ஒரு தெருவில் நீர் வரவில்லை என்ற புகார், மற்றொரு தெருவில் உடைந்த குழாய், இடையில் மேலதிகாரியின் அழைப்பு. இவற்றினூடே ஒவ்வொரு வால்விற்கும் ஒரு தொலைபேசி அழைப்பு என்பது, திட்டம் தீட்டுவோரின் தாளில் அரை நிமிடம். களத்தில் அது ஒரு புதிய வேலை. அதற்குக் கூடுதல் ஊதியம் இல்லை. செய்தால் பாராட்டும் இல்லை. செய்தியால் பயன் பெறுவோர் சந்தாதாரர்கள். அதன் செலவை ஏற்பவரோ தொழிலாளி. பயன் ஓரிடத்திலும் செலவு ஓரிடத்திலும் விழும் எந்த ஏற்பாடும் நீடிப்பது அரிது என்பது பொருளியல் பயின்றோர் அறிந்ததே. தானியங்கி என்று பெயர் பெற்ற ஒரு முறையின் தொடக்கம் முற்றிலும் மனித உழைப்பைச் சார்ந்திருந்தது என்பது எளிதில் கண்ணுக்குப் படாமற் போய்விட்டது.

வால்வில் உணர்கருவி பொருத்தினால் இச்சிக்கல் தீரும் என்பர். பெரிய குழாய்களிலும் நீர்த்தேக்கத் தொட்டிகளிலும் அத்தகைய கருவிகள் இன்று பயனில் உள்ளன. தெருமுனையில் உள்ள ஆயிரக்கணக்கான சிறு வால்வுகளுக்கு அவற்றைப் பொருத்துவதும் பேணுவதும் பெருஞ்செலவாகும். எனவே நெடுங்காலத்திற்கு மனிதரே செய்தியின் ஊற்றாக இருப்பர் என்று கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

எழுபது இடங்களுக்குள் ஒரு செய்தி

உலகின் முதற் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட் என்று அக்காலத்தில் வகுத்த இலக்கணமே இன்றும் தொடர்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் இதில் 160 எழுத்துகள் அடங்கும். இந்திய மொழிகளில் யூனிகோடு முறையில் எழுதினால் 70 இடங்களே கிடைக்கும். அந்த 70-உம் எழுத்துகள் அல்ல. தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். தண்ணீர் என்னும் சொல் இலக்கணப்படி நான்கு எழுத்து. கணிப்பொறிக்கு அது ஏழு.

“நீலசந்திரா: காலை 6 மணிக்குத் தண்ணீர் வரும்.” என்னும் செய்தி 43 இடங்களைக் கொள்ளும். இதனுடன் “அழுத்தம் குறைவாக இருக்கும்.” என்று ஒரு தொடரைச் சேர்த்தால், இடைவெளியும் முற்றுப்புள்ளியும் உட்பட 71 ஆகிவிடும். ஓர் இடம் கூடியதால் செய்தி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, கட்டணமும் இரு செய்திகளுக்கு வசூலிக்கப்படும். கடைசி முற்றுப்புள்ளியை விட்டுவிட்டால் ஒரே செய்தியில் அடங்கிவிடும். இலட்சக்கணக்கானோர்க்கு அனுப்பும் துறைக்கு ஒரு முற்றுப்புள்ளியின் விலை சிறிதன்று. பல நிறுவனங்கள் ஆங்கிலத்திலேயே செய்தி அனுப்புவதற்கு இச்செலவும் ஒரு காரணமாகும். கைப்பேசியில் இந்திய மொழிகள் தெரியவே இல்லை என்ற பழைய சாக்கு இன்று செல்லாது. அலுவல் மொழிகள் 22-ஐயும் படிக்கும் வசதி கைப்பேசிகளில் இருத்தல் வேண்டும் என்பதற்கான இந்தியத் தரநிர்ணயமும் ஆணையும் 2016-இலேயே வெளிவந்துவிட்டன.

படிக்கத் தெரியாதோர்க்குக் குரல் வழிச் செய்தியே ஏற்றது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016 ஜனவரியில் தொடங்கிய கில்காரி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கருவுற்ற நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வரை, வாரம் ஒன்றாக 72 குரற்செய்திகள் தாயின் கைப்பேசிக்கு வருகின்றன. எந்த வாரத்தில் எந்தச் செய்தி என்பதைப் பதிவேட்டிலுள்ள தேதியைக் கொண்டு கணிப்பொறியே முடிவு செய்கிறது.

அரசுத் தளங்களும் ஒழுங்குமுறையும்

ஒவ்வோர் அரசுத் துறையும் தனித்தனியே தளம் அமைப்பது வீண்செலவு என்பதை உணர்ந்து, மத்திய அரசு 2012-இல் கைப்பேசி வழி ஆளுகைக்கான நெறிமுறையை வெளியிட்டது. சி-டாக் நிறுவனம் இயக்கும் மொபைல் சேவா என்னும் பொதுத் தளத்தின் வாயிலாகத் துறைகள் தங்கள் செய்திகளை அனுப்ப வழி பிறந்தது. 2013 ஜூலை 16 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்த எம்-கிசான் தளத்தில் உழவர்கள் தம் மொழியையும் வட்டாரத்தையும் பயிரையும் பதிவு செய்து, அவற்றுக்கேற்ற அறிவுரையைப் பெறலாயினர்.

அறிவிப்பு எளிதானதும் தொல்லையும் பெருகிற்று. விளம்பரச் செய்திகளைக் கட்டுப்படுத்தத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2010-இலும், விரிவான வகையில் 2018-இலும் விதிமுறைகளை வகுத்தது. இதன்படி செய்தி அனுப்பும் நிறுவனம், தன் பெயர்த்தலைப்பு, செய்தி வாசகம் ஆகியவற்றை முன்னதாகப் பதிவு செய்தல் வேண்டும். தொலைபேசி நிறுவனங்கள் பகிர்ந்து பேணும் பதிவேட்டுடன் ஒவ்வொரு செய்தியும் ஒப்பிடப்பட்டு, பொருந்தாதவை நிறுத்தப்படும். 2021 மார்ச் 8 அன்று இவ்வொப்பீடு முழு அளவில் நடைமுறைக்கு வந்தபோது, வாசகத்தைப் பதிவு செய்யாத பல நிறுவனங்களின் செய்திகள் நின்றன. வங்கிக் கடவு எண்களும் வந்து சேராமல் மக்கள் அல்லலுற்றனர். மறுநாளே ஒரு வார காலத்திற்கு அது நிறுத்தி வைக்கப்பட்டது. விதி 2018-இலேயே வெளிவந்திருந்தும், வாசகத்தை ஒழுங்குபடுத்தும் எளிய பணி கடைசி நாள் வரை தள்ளிப் போடப்பட்டதன் விளைவு இது. 2025-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பெயர்த்தலைப்பின் இறுதியில் வகை குறிக்கும் எழுத்தும் சேர்க்கப்படுகிறது: விளம்பரமாயின் பி, சேவையாயின் எஸ், பரிவர்த்தனையாயின் டி, அரசுச் செய்தியாயின் ஜி.

சந்தா வேண்டாத செய்தி

உயிர்காக்கும் எச்சரிக்கைக்குப் பதிவேடு பார்த்துக்கொண்டிருக்க நேரமிராது. 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைபேசியில் வீட்டாருக்குத் தெரிவித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வாயிலாக அச்செய்தி ஊர் முழுவதற்கும் அறிவிக்கப்பட, மக்கள் உரிய நேரத்தில் வெளியேறி உயிர் பிழைத்தனர். இங்கே தேவைப்பட்டது தண்டோராவே. இன்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திற்காக சி-டாட் உருவாக்கிய சசேத் அமைப்பும், 2023 முதல் பல மாநிலங்களில் சோதிக்கப்பட்ட செல் ஒலிபரப்பு முறையும் அவ்வகையின. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளிலும், எண்ணோ பதிவோ இன்றி, எச்சரிக்கை ஒரே நேரத்தில் தோன்றும்.

தண்ணீர் வரும் நேரத்தை இவ்வாறு ஒலிபரப்ப இயலாது. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் பல வால்வுகள் இருக்கும். அடுத்த தெருவின் செய்தி இத்தெருவாரைக் குழப்பும். ஆகவே பதிவேட்டைத் தவிர வழியில்லை. பதிவேடோ நாள்தோறும் பழுதாகும் இயல்புடையது. கைவிடப்பட்ட கைப்பேசி எண், 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். அவர் தமக்குத் தொடர்பில்லாத தெருவின் தண்ணீரைப் பற்றி அறிந்துகொண்டிருப்பார். எண் சரியாக இருப்பினும், அக்கைப்பேசி வேலைக்குச் சென்ற கணவரின் சட்டைப்பையில் இருந்தால், குழாயடியில் நிற்பவருக்குப் பயனில்லை.

நீலசந்திரா போன்ற பகுதிகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. குடிநீர் இணைப்பு வீட்டு உரிமையாளரின் பெயரில் ஓர் ஆர்.ஆர். எண்ணின் கீழ்ப் பதிவாகியிருக்கும். அதே கட்டடத்தில் நான்கைந்து குடும்பங்கள் வாடகைக்கு இருக்கக்கூடும். உரிமையாளர் நகரின் வேறு மூலையில் வாழ்பவராகவும் இருக்கலாம். பட்டியல் அவருக்குச் செல்வது முறை. தண்ணீர் அறிவிப்பும் அவருக்கே சென்றால், குடம் ஏந்துவோர்க்கு அது கிட்டாது. ஓர் ஆர்.ஆர். எண்ணின் கீழ்ப் பல கைப்பேசி எண்களைச் சேர்க்கவும், வீடு மாறும் குடும்பம் ஒரு தவறிய அழைப்பின் வாயிலாகத் தன் எண்ணை நீக்கிக்கொள்ளவும் மென்பொருளில் இடமளிப்பது கடினமன்று. வாடகைதாரரின் எண்ணை ஏற்பதால் அவருக்கு இணைப்பின் மீது உரிமை எதுவும் பிறந்துவிடாது என்பதை ஒரு சுற்றறிக்கையால் தெளிவுபடுத்தினால், உரிமையாளர்களின் தயக்கமும் நீங்கும்.